1978-இன் மறக்க முடியாத பத்துத் தமிழ்ப் படங்கள்: டர்பனில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் புறநகர்களான சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் இருந்து பழைய தமிழ்ப் படம் பார்ப்பதற்காக மாதந்தோறும் கூடும் சிறு வட்டம் எங்களுடையது. ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு அந்த ஆண்டின் படங்களைப் பார்த்து, சண்டை போட்டு, வரிசைப்படுத்துவோம். 1978-க்கான வரிசை வெளியானதிலிருந்து கோவிலில், கல்யாண வீட்டில், காய்கறிக் கடையில் என எங்கே பார்த்தாலும் கேள்விகள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே எழுதிவைக்கிறேன்.

பட்டியல் என்ன?

1. முள்ளும் மலரும்
2. கிழக்கே போகும் ரயில்
3. சிகப்பு ரோஜாக்கள்
4. அவள் அப்படித்தான்
5. இளமை ஊஞ்சலாடுகிறது
6. தியாகம்
7. பிரியா
8. நிழல் நிஜமாகிறது
9. பைலட் பிரேம்நாத்
10. மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்

எத்தனையோ ஆண்டுகள் இருக்க, ஏன் 1978?

ஓர் ஆண்டில் நல்ல படங்கள் பல வருவது அதிசயமல்ல. ஒரு தலைமுறை விடைபெறுவதும் இன்னொன்று வாசலில் நிற்பதும் ஒரே ஆண்டில் நடப்பதுதான் அபூர்வம். 1977 ஜூன் மாதம் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த கடைசிப் படம் 1978 பொங்கலுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாரதிராஜாவின் இரண்டாவது படமான ‘கிழக்கே போகும் ரயில்’, மகேந்திரனின் முதல் படமான ‘முள்ளும் மலரும்’ இரண்டும் சில நாள் இடைவெளியில் வந்தன. ருத்ரய்யா என்ற புதியவர் தீபாவளிக்குக் கறுப்பு வெள்ளையில் ‘அவள் அப்படித்தான்’ படத்தைக் கொண்டுவந்து வைத்தார். சிவாஜி இன்னும் சிங்கம்தான். ரஜினிகாந்த் அந்த ஒரே ஆண்டில் ஏறக்குறைய இருபது படங்களில் நடித்துத் தள்ளினார். 1976-இல் அறிமுகமான இளையராஜாதான் எங்கள் பத்தில் ஏழுக்கு இசை. மீதி மூன்றும் எம்.எஸ்.விஸ்வநாதனுடையவை. ஏழுக்கு மூன்று என்ற அந்தக் கணக்கைப் பார்த்தாலே ஆண்டின் கதை விளங்கிவிடும்.

சென்னையில் வெளியான ஆண்டைக் கணக்கில் எடுக்கிறீர்களா, டர்பனுக்கு வந்த ஆண்டையா?

சென்னையில் வெளியான ஆண்டைத்தான். இந்த விதியை ஏற்க மறுத்துச் சண்டை போட்டவர்கள் எங்கள் வட்டத்திலேயே உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. தொண்ணூறுகளின் தொடக்கம் வரை அந்தத் தடை நீடித்தது. அரிசி, புடவை, வெண்கல விளக்கு எல்லாவற்றையும் போலவே படச்சுருளும் நேர்வழியில் வர முடியாது. வேறு நாடுகளைச் சுற்றிக்கொண்டுதான் வரும். எது வரும், எப்போது வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. விக்டோரியா தெருவில் 1939-இல் திறக்கப்பட்ட அவலோன், கிரே தெருவின் ஷாஜகான் போன்ற அரங்குகளில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு படத்தின் வயது அது இங்கே திரையில் விழுந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. பிறகு வீடியோ கேசட் வந்தது. முன்னும் பின்னுமாகப் பத்தாண்டுப் படங்கள் ஒரே அலமாரியில் வந்து உட்கார்ந்துகொண்டன. ஒரு குடும்பத்துக்கு ‘கிழக்கே போகும் ரயில்’ மூத்த மகனின் கல்யாண ஆண்டுப் படம். அடுத்த வீட்டுக்கு அது கடைசிப் பேத்தி பிறந்த ஆண்டுப் படம்.

இதையெல்லாம் மதித்தால் பட்டியலே போட முடியாது. ஆண்டைச் சென்னையிடம் விட்டுவிட்டோம். எது நினைவில் நிற்கிறது என்ற தீர்ப்பை மட்டும் நம்மிடம் வைத்துக்கொண்டோம்.

‘மறக்க முடியாத’ படமும் ‘சிறந்த’ படமும் ஒன்றுதானே?

இல்லை. சிறந்த படத்தைத் தேர்ந்தெடுக்க விருதுக் குழுக்கள் இருக்கின்றன. அதிக வசூலைக் கணக்குப் பார்க்க விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பார்ப்பது வேறு. பெயரைச் சொன்னவுடன், யாரையும் கேட்காமல், எதையும் புரட்டாமல், ஒரு காட்சியை முழுதாக உங்களால் சொல்ல முடிகிறதா? கதைச் சுருக்கம் செல்லாது. “நல்ல படம், எல்லாரும் நன்றாக நடித்திருந்தார்கள்” என்பதும் செல்லாது. யார் எங்கே நின்றார், என்ன செய்தார், அடுத்தவர் முகம் எப்படி மாறியது என்று சொல்ல வேண்டும். பாட்டைப் பாடிக் காட்டினால் பாதி மதிப்பெண்.

ஒவ்வொருவரும் பத்துப் படங்களைச் சொல்வார்கள். முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, இரண்டாவதுக்கு ஒன்பது என இறங்கும். காட்சி சொல்ல முடியாத படத்துக்குப் புள்ளி கிடையாது. எத்தனையோ பெரிய படங்கள் இந்த இடத்தில்தான் விழுந்தன.

‘முள்ளும் மலரும்’ ஏன் முதலிடம்? ரஜினி படம் என்பதாலா?

ரஜினி படம் என்றால் அந்த ஆண்டில் இன்னும் பத்துப் பதினைந்து இருக்கின்றனவே.

உமாசந்திரனின் நாவலை எடுத்துக்கொண்ட மகேந்திரன் அதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு மின்நிலையத்தில் விஞ்ச் என்ற இழுவை வண்டியை இயக்கும் காளி, அவன் தங்கை வள்ளி, புதிதாக வந்த எஞ்சினியர். இவ்வளவுதான். காளி நல்லவனா என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. கோபக்காரன், வீம்புக்காரன், தங்கை என்றால் உயிரை விடுவான். வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறான், குடிக்கிறான், லாரியில் கையைப் பறிகொடுக்கிறான். அதற்குப் பிறகும் அவன் அனுதாபம் கேட்பதில்லை. தன்னைக் கெட்ட பயல் என்று தானே சொல்லிக்கொண்டு எஞ்சினியரின் எதிரில் நிமிர்ந்து நிற்கிறான்.

எங்கள் கூட்டத்தில் ஏறத்தாழ எல்லாரும் சொன்ன காட்சி முடிவுக் காட்சிதான். அண்ணன் சம்மதமில்லாமல் எஞ்சினியரைக் கல்யாணம் செய்துகொள்ள வள்ளி ஊரோடு நடந்து போகிறாள். காளி வழியில் நிற்கிறான். அவள் எல்லாரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடிவந்துவிடுகிறாள். வேறு எந்தப் படமாக இருந்தாலும் அந்த இடத்தில் காளி அழுது, எஞ்சினியரின் கையைப் பிடித்து, மன்னிப்புக் கேட்டு, மேளம் கொட்டியிருக்கும். இங்கே அவன் தங்கையைத் தானே எஞ்சினியரிடம் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். அகந்தை குறையவே இல்லை, ஆனால் ஆள் வேறாகிவிட்டான். ஒரு வாக்கியத்தில் இரண்டையும் வைத்த படம் அதற்கு முன் எத்தனை?

மகேந்திரன் அதுவரை வசனத்துக்குப் பெயர் பெற்றவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிவாஜியின் ‘தங்கப்பதக்கம்’ அவர் எழுதியது. இடி இடிப்பது போல வசனம் விழும் படம். தானே இயக்குநரானபோது அந்த ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டார். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு பாதி வேலையைச் செய்தது, இளையராஜா மீதியை. மலைப்பாதையில் ஜீப் ஏறும் ‘செந்தாழம் பூவில்’ பாட்டைப் படமாக்கத் தயாரிப்பாளர் பணம் தர மறுத்தபோது கமல்ஹாசன்தான் உதவினார் என்று மகேந்திரனே சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு இல்லாத ‘முள்ளும் மலரும்’ படத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

‘அவள் அப்படித்தான்’ நான்காவதா? உங்களுக்கெல்லாம் சினிமா தெரியுமா?

இதுதான் எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி. பெரும்பாலும் இந்தத் தொனியில்தான் வருகிறது.

என் சொந்தப் பட்டியலில் அது இரண்டாவது. எங்கள் வட்டத்தின் இளம் பெண்கள் சிலருக்கு அதுதான் முதலிடம். ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர்களில் பலர் அந்தப் படத்தை அண்மையில்தான் முதன்முறையாகப் பார்த்தார்கள். வந்த காலத்தில் தமிழ்நாட்டிலேயே அது ஓடவில்லை. பிறகுதான் பெயர் வளர்ந்தது. ருத்ரய்யா அதற்குப் பிறகு ‘கிராமத்து அத்தியாயம்’ என்ற ஒரே ஒரு படம் எடுத்தார். அவ்வளவோடு முடிந்தது.

நினைவு என்பதை அளவுகோலாக வைத்தால் ஐம்பதாண்டு நினைவுக்கும் ஐந்தாண்டு நினைவுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதனால் நான்கு. இதற்காக நான் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை, என் பேத்தி உட்பட.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு: ஸ்ரீப்ரியா நடிக்கும் மஞ்சு ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறாள். ஆண்களால் பலமுறை காயப்பட்டவள், யாருக்கும் வளைந்து கொடுக்காதவள். ரஜினிகாந்த் அவளுடைய முதலாளி. நெற்றியில் விபூதி, பேச்சில் பெண்களைப் பற்றிய இளக்காரம். கமல்ஹாசன் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த அருண். பெண்களைப் புரிந்துகொள்ள வந்தவன் ஒருத்தியைக்கூடப் புரிந்துகொள்ளாமல் போவதுதான் கதை. கடைசியில் அருண் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு வருகிறான். காரில் போகும்போது அந்தப் புது மனைவியிடம் மஞ்சு பெண் விடுதலையைப் பற்றிக் கேட்கிறாள். அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று மஞ்சு சொல்கிறாள். பிறகு மஞ்சுவைச் சாலையில் இறக்கிவிட்டுக் கார் போய்விடுகிறது.

‘சிகப்பு ரோஜாக்கள்’ பெண்களைக் கொல்பவனைப் பற்றிய படம். அதற்கு மூன்றாவது இடம் கொடுத்தது சரியா?

பிடித்த படம் எது என்று நாங்கள் கேட்கவில்லை. மறக்காத படம் எது என்றுதான் கேட்டோம். ரோஜாத் தோட்டத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த கணத்தை யாராலும் மறக்க முடியவில்லை. ஒரு மூதாட்டி அந்தப் படத்துக்குப் பிறகு வீட்டு முன்னால் சிவப்பு ரோஜா வைக்கவே இல்லையாம். கிராமத்துப் புழுதியில் இரண்டு படம் எடுத்த பாரதிராஜா மூன்றாவது படத்தில் பணக்கார வீட்டு மாடிப்படிக்குத் தாவினார் என்பதும் துணிச்சல்தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு அந்தப் படத்தோடு கணக்குத் தீரவில்லை. கொலைகாரனின் சின்ன வயதுக் கதையைச் சொல்லி, பெண்களால்தான் அவன் இப்படி ஆனான் என்று படம் நமக்குச் சமாதானம் சொல்கிறது. அந்தச் சமாதானம் அன்றைக்கும் எனக்கு இறங்கவில்லை, இன்றைக்கும் இறங்கவில்லை.

ஆனால் இந்தத் தற்செயலைக் கவனியுங்கள். ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978 அக்டோபர் 28-இல் வந்தது. ‘அவள் அப்படித்தான்’ 30-இல். இரண்டிலும் கமல்ஹாசன். ஒன்றில் பெண்களை வெறுத்துக் கொல்லும் கனவான். மற்றதில் பெண்களைப் புரிந்துகொள்ளப் பேட்டி எடுத்துக்கொண்டு திரியும் நல்லவன். இரண்டு நாள் இடைவெளியில் ஒரே நடிகர், ஒரே இசையமைப்பாளர், இரண்டு படங்களிலும் கமலே பாடிய ஒரு பாட்டு வேறு: அங்கே ‘நினைவோ ஒரு பறவை’, இங்கே ‘பன்னீர் புஷ்பங்களே’. எங்கள் கூட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்துத் திரையிட்டோம். இடைவேளையில் டீ ஆறிப்போனது, பேச்சு ஆறவில்லை. எந்த ஆள் பெண்ணுக்கு அதிக ஆபத்து என்று ஒரு பெண் கேட்டார். ரோஜாத் தோட்டக்காரனை விட்டு ஓடிவிடலாம், அருணை விட்டு எங்கே ஓடுவது என்று இன்னொருவர் பதில் சொன்னார். தெரிந்திருந்தால் அன்றைய பட்டியலையே அந்த இரண்டு படங்களோடு நிறுத்தியிருப்பேன்.

‘கிழக்கே போகும் ரயில்’ அவ்வளவு உயரத்தில் எப்படி?

ஒரே ஒரு படிமம் போதும்: ஊரைக் கடந்து போகும் ரயிலின் கடைசிப் பெட்டியில் காதலன் எழுதி அனுப்பும் செய்தி. அதைப் படிக்க நிற்கும் பெண். கடிதம் போய்ச் சேர்வதற்குள் காலம் மாறிவிடும் ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? இந்தியாவிலிருந்து உறவினர் கடிதம் வந்தால் தெருவே கூடிக் கேட்ட வீடுகள் நமக்கு இருந்தன. ராதிகாவுக்கு அது முதல் படம் என்பதை இங்கே பலர் நம்ப மறுக்கிறார்கள். ‘மாஞ்சோலைக் கிளிதானோ’ பாட்டில் ஜெயச்சந்திரன் குரல் தொடங்கியதும் கூட்டத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்; எங்கள் கூட்டத்தில் அது எளிதல்ல.

‘16 வயதினிலே’ எங்கே? ‘திரிசூலம்’ எங்கே? ‘நினைத்தாலே இனிக்கும்’ எங்கே?

முதலாவது 1977. மற்ற இரண்டும் 1979. மேலே விதியைச் சொல்லிவிட்டேன்.

சிவாஜிக்கு இரண்டு இடம், எம்.ஜி.ஆருக்குக் கடைசி இடமா?

கடைசி இடம் கிடைத்ததே பெரிது என்பேன். ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ நல்ல எம்.ஜி.ஆர். படங்களின் வரிசையில் வராது. அவர் ரசிகர்களுக்கே அது தெரியும். ஆனால் கோட்டைக்குப் போன பிறகு திரைக்கு வந்த படம் என்ற விசித்திரம் அதற்கு உண்டு. ‘தென்றலில் ஆடும் கூந்தலில் கண்டேன்’ பாட்டும் உண்டு. வாக்குக் கேட்டு அதைச் சேர்க்க வைத்தவர்கள் டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த பழைய மாகசின் பாரக்ஸ் குடியிருப்பில் பிறந்து சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்ட குடும்பத்தார். அவர்களை எதிர்த்து நிற்க எங்களில் யாருக்கும் துணிவில்லை.

‘தியாகம்’ வேறு விஷயம். இந்தியில் வந்த ‘அமானுஷ்’ படத்தின் தமிழ் வடிவம் என்றாலும் சிவாஜி அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார். ‘நல்லவர்க்கெல்லாம் சாட்சிகள் ரெண்டு’ பாட்டை இங்கே கேட்காத துக்க வீடு குறைவு. ‘பைலட் பிரேம்நாத்’ இலங்கையோடு சேர்ந்து எடுக்கப்பட்டது. சிங்களத் திரையின் மாலினி பொன்சேகா அதில் நடித்தார். நம்மைப் போலக் கடல் கடந்தவர்களின் மண் தமிழ்ப் படத்தில் தெரிந்தது என்பதற்காகவே சிலர் அதற்கு வாக்களித்தார்கள்.

அதே காரணத்துக்காகவா ‘பிரியா’?

ஓரளவுக்கு ஆமாம். சுஜாதாவின் நாவலில் கதை லண்டனில் நடக்கும். படம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. நாவலைப் படித்தவர்களுக்கு ஏமாற்றம், படிக்காதவர்களுக்குக் கொண்டாட்டம். கதையை எங்களில் ஒருவரால்கூடக் கோவையாகச் சொல்ல முடியவில்லை. ‘அக்கரைச் சீமை அழகினிலே’ பாட்டை மட்டும் எல்லாரும் பாடினார்கள். பாதி மதிப்பெண்களாலேயே ஏழாவது இடத்துக்கு ஏறிய படம் இது ஒன்றுதான்.

‘பைரவி’யைச் சேர்க்காதது அநியாயம் இல்லையா?

ரஜினி தனிக் கதாநாயகனாக நடித்த முதல் படம், சூப்பர் ஸ்டார் பட்டத்தின் தொடக்கம், எல்லாம் சரி. காட்சி சொல்லுங்கள் என்று கேட்டோம். ‘நண்டூருது நரியூருது’ என்றார்கள். பிறகு? பிறகு ஒன்றுமில்லை. பாலசந்தரின் ‘தப்புத்தாளங்கள்’ படத்துக்குத்தான் நான் வருந்துகிறேன். சரிதாவின் முகம் ஒன்றே போதும். அது பதினொன்றாவதாக வந்து வாசலில் நின்றுவிட்டது. பாலசந்தரின் ‘நிழல் நிஜமாகிறது’ உள்ளே வந்ததற்கு ஷோபாதான் காரணம். ‘முள்ளும் மலரும்’ வள்ளியும் அவர்தான் என்று சொன்னால் இளையவர்கள் வியக்கிறார்கள். 1980-இல் அவர் போய்விட்டார். பதினேழே வயது.

1978-இல் டர்பனில் எல்லாரும் இந்திப் படம்தானே பார்த்தார்கள்?

பார்த்தார்கள். ‘டான்’, ‘திரிசூல்’, ‘முகத்தர் கா சிகந்தர்’ எல்லாம் அந்த ஆண்டுப் படங்கள்தான். இந்தி ஒரு வார்த்தை தெரியாத தமிழ்க் குடும்பங்கள் அமிதாப் பச்சனுக்காக வரிசையில் நின்றன. அவற்றுக்குத் தனிப் பட்டியல் போட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடலாம். எங்கள் வேலை அதுவல்ல.

தமிழ் புரியாத பிள்ளைகளுக்கு எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பட்டியலின் வரிசைப்படி போக வேண்டாம். ‘சிகப்பு ரோஜாக்கள்’ வயது வந்தவர்களுக்கு மொழி இல்லாமலே புரியும். வீட்டோடு பார்க்க ‘முள்ளும் மலரும்’. அதில் பேச்சு குறைவு, முகங்களே பேசிவிடும். ‘அவள் அப்படித்தான்’ படத்துக்கு மட்டும் திரையின் அடியில் ஓடும் நல்ல ஆங்கில வரிகள் (சப்டைட்டில்) கட்டாயம் வேண்டும். அது பேச்சாலேயே கட்டிய படம். கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் ஆங்கில வரிகள் பாட்டு வந்தவுடன் நின்றுவிடுகின்றன. கதையின் பாதி பாட்டில்தான் இருக்கிறது என்பது எழுதியவருக்குத் தெரியவில்லை போலும். நாங்கள் பாட்டு வரும்போது படத்தை நிறுத்தி, தமிழ் தெரிந்த ஒருவரை விளக்கச் சொல்கிறோம். படம் நீளும். பிஸ்கட் அதிகம் வாங்கிவையுங்கள்.

இங்குள்ள இந்தியர்களுக்காக 1983-இல் தொடங்கிய லோட்டஸ் வானொலியில் இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும். படம் அவர்களுக்குப் பாதி தெரிந்த வீடு.

வரிசை மாறுமா? அடுத்து எந்த ஆண்டு?

மாறும். எவராவது ‘அந்தமான் காதலி’யிலிருந்து ஒரு காட்சியை முழுதாகச் சொன்னால் பத்தாவது இடத்தை மறுபடி திறப்போம், எம்.ஜி.ஆர். ரசிகர்களிடம் அதை விளக்கும் பொறுப்பு சொன்னவருடையது.

அடுத்தது 1979. ‘உதிரிப்பூக்கள்’ முதலிடம் என்று இப்போதே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு ‘பசி’தான். வாக்களிக்க வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்காமல் வந்து உரக்கப் பேசுகிறவர்களைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிடுவோம்.